சீர் சாமானில் ஒரு பீலர்

என் மகளுக்கு இடது கைப் பழக்கம். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் சொல்லவில்லை. நிச்சயத்தன்று அவள் வலது கையால் எல்லாருக்கும் பலகாரம் எடுத்துக் கொடுத்ததைப் பார்த்து, "நல்ல பதவிசான பொண்ணு" என்றார் சம்பந்தியம்மா. சின்ன வயதிலிருந்து நான் அடித்து அடித்துப் பழக்கிய கை அது. கத்தியைப் பிடித்தால்தான் காட்டிக்கொடுத்துவிடும்.

சீர் சாமான் எடுக்கக் கிளம்பிய அன்று சம்பந்தியம்மா ஜீவனஹள்ளியிலிருந்து தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் பாத்திரக் கடைக்கு நடந்து போகும்போதே மகளிடம் கறாராகச் சொன்னேன், நீ எதையும் கையில் எடுக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அவள் தலையாட்டினாள்.

குடம், அண்டா எல்லாம் சுமுகமாக முடிந்தது. கைச் சாமான்களுக்கு வந்தபோதுதான் சனி பிடித்தது. சம்பந்தியம்மா லேசுப்பட்டவர் இல்லை. கரண்டியின் காம்பை அழுத்தி வளைகிறதா என்று பார்த்தார். கத்தியின் அலகு பிடிக்குள் கடைசிவரை போகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்தார். சமையல் மேடையில் மாட்டும் தேங்காய்த் துருவியை நானே வேண்டாம் என்றேன். அதன் கைப்பிடி வலது கைக்காரர்களுக்கு. கழுவ முடியாது என்று ஒரு பொய் சொல்லித் தப்பித்தேன்.

பிறகு அந்தத் தோல் சீவும் பீலர் வந்தது. ஈட்டி மரக் கைப்பிடி, பித்தளைப் பூண், பார்க்க அத்தனை அழகு. புத்தி கெட்டுப்போய் நானே, இது இருக்கட்டும் என்றேன். புழங்கப் போகிறவள் பிடித்துப் பார்க்கட்டும் என்றார் சம்பந்தியம்மா. கடைக்காரர் இதற்கென்றே வைத்திருந்த கேரட் ஒன்றை நீட்டி, "ட்ரை மாடி நோடிம்மா" என்று கன்னடத்தில் சீவிப் பார்க்கச் சொன்னார்.

மகள் என்னைப் பார்த்துவிட்டு, பீலரை வலது கையில் வாங்கினாள். முதல் இழுப்பிலேயே வழுக்கியது. அடுத்ததில் இடது கட்டைவிரல் கீறி ரத்தம் துளிர்த்தது. பிரமாதமாகச் சமைப்பாள் என்று நான் பீற்றிக்கொண்டதெல்லாம் காற்றில் போயிற்று. கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்தேன். பதற்றத்தில் இருக்கிறாள் என்று சமாளித்தேன். அதற்குள் அவளறியாமல் பீலர் இடது கைக்கு மாறியது. என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று வலது கைக்கே திரும்பியது.

சம்பந்தியம்மா பார்த்துவிட்டார். முந்தானையால் அவள் விரலைத் துடைத்து, பீலரை இடது கையில் கொடுத்துச் சீவச் சொன்னார். பிளேடுக்கு ஒரு பக்கம்தான் கூர், அதுவும் வலது கைக்கானது. தோலின் மேல் சும்மா வழுக்கியது. அந்த அழகுச் சாமானைக் கடைக்காரர் பக்கமே தள்ளிவிட்டு, இரண்டு பக்கமும் கூர் இருப்பதைக் கேட்டார். ஸ்டீலில் சாதாரணமாக ஒன்று வந்தது. மகள் கையில் கேரட் தோல் நீள நீளமாக விழுந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பியது. சம்பந்தியம்மா என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய்க் குரலைத் தணித்தார்.

"இதுக்கா இவ்ளோ மறைச்சீங்க? நான் ஒண்ணும் சொல்லலையே. அந்தப் பொண்ணு ஒவ்வொரு வாட்டியும் உங்க மூஞ்சியத்தான் பாத்து நடுங்குது. என் மூஞ்சிய இல்ல."

நாளைக்கு ஒரு மாமியார் ஏசக் கூடாதே என்றுதான் இத்தனை வருஷம் அவளை அடித்தேன். அவள் பயந்ததெல்லாம் எனக்குத்தான். மகள் நிமிரவே இல்லை. தோல் முழுக்கப் போன கேரட்டை இன்னும் சீவிக்கொண்டிருந்தாள்.