தம்பியின் கல்லூரி மெயில்

தம்பியின் கல்லூரி மெயில் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. அவன் போன் உடைந்தபோது இதில் போட்டுக்கொண்டான். போன ஆடியில் காய்ச்சல் வந்து செத்துப்போனான். மெயில் மட்டும் நிற்கவில்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடு, தேர்வுக்குப் பதிவு செய், விளையாட்டு விழாவுக்கு வா என்று வந்துகொண்டே இருந்தது. நான் பத்தாவதோடு நின்றவள். கல்லூரிக்குள் என்னதான் நடக்கும் என்று தெரியாது. ஓசூர் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸில் ஒன்று விடாமல் படிப்பேன்.

ஒரு நாள் சிவப்பு எழுத்தில் வந்தது: இடம் நிரம்பப்போகிறது, இனி மெயில் வராமல் போகலாம். வராவிட்டால் அவன் மெயிலையே மூடிவிடுவார்கள் என்று பயந்துவிட்டேன். எனக்கு வேலை ஸ்டோர்ஸில். முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். நாலு வருடமாகக் கை அதற்கே பழகியிருக்கிறது. அதே மாதிரி அடியிலிருந்து பழசாகப் பார்த்து அழித்தேன். இரண்டு நாள் டீ நேரம் அதற்கே போனது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள், "அவன் பேசுனது இருக்குதுன்னியே, போடு கேக்கலாம்."

அதுவரைக்கும் வேண்டவே வேண்டாம் என்றவள். வகுப்பில் பேச வேண்டியதைத் தம்பி முதல் வருடத்தில் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து, தனக்கே அனுப்பி வைத்திருந்தான். அவன் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. தேடினேன். முதல் வருடம் முழுக்கவே காணோம்.

"சார்ஜ் இல்லம்மா" என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து, அவனோடு படித்த பையனுக்கு போன் செய்தேன்.

"பழச எதுக்குக்கா அழிச்சீங்க?"

"பழசுதான முதல்ல போவணும்?"

"இது என்ன உங்க கம்பெனி ஸ்டோர்ஸாக்கா?" சிரித்தவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அழிச்சது ஒரு மாசம் அதுலதான் கிடக்கும்."

எங்கள் கம்பெனியில் ஸ்கிராப்புக்குப் போனால் போனதுதான். இங்கே எல்லாம் அப்படியே கிடந்தது. தம்பி பேசியதைத் திரும்ப உள்ளே எடுத்துப் போட்டேன்.

"அப்ப இடத்துக்கு என்ன பண்றது?"

"அதான் காலேஜுல எல்லாருக்கும் இடத்த ஏத்திட்டாங்களே. முந்தாநேத்தே மெயில் வந்துச்சு, பாக்கலியா?"

அழிக்கிற அவசரத்தில் பார்க்கவில்லை. 'அன்புள்ள மாணவரே' என்று தம்பிக்கும் வந்திருந்தது. அவனுக்கும் இடம் ஏற்றியிருக்கிறார்கள்.

"அந்த இடம் எங்கடா இருக்குது? காலேஜுக்குள்ளயா?"

"இல்லக்கா, எங்கியோ ஏசி ரூம்ல பெரிய பெரிய மெஷினுங்க."

"பெங்களூருலயா?"

"யாருக்குத் தெரியும்? நாங்க படிச்சு முடிச்சதும் இந்த மெயில மூடிடுவாங்க. அதுக்குள்ள உங்க மெயிலுக்கு அனுப்பிக்கோங்க."

"எனக்கு ஏதுடா மெயிலு?"

அவன் சொல்லச் சொல்ல எனக்கென்று ஒன்று தொடங்கினேன். தம்பியுடையதிலிருந்து அதற்கு அனுப்பினேன். எனக்கு வந்த முதல் மெயிலில், அனுப்பியவர் இடத்தில் அவன் பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் திறக்காமலே வைத்திருந்தேன்.

உள்ளே போய் அம்மாவுக்குப் போட்டேன். தக்காளிச் செடிக்கு வரும் நோய்களைப் பற்றித் தம்பி ரொம்ப மரியாதையாகப் பேசினான். நடுவில் என் குரல்: "டேய், சோறு ஆறுது, வரியா இல்லியா?"

"இரு அக்கா, ரெக்கார்டு ஆவுது" என்றான்.

அம்மா அழுதுகொண்டே என்னை முறைத்தாள். "அவன் பேசறப்ப நீ எதுக்குடி கத்தற?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, திரும்பப் போடு."