கொக்கி வைத்த ஷட்டர்

ஐம்பத்திரண்டாம் வருடம் கார்த்திகைப் புயல் அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள் காலையில், சவரிராயன் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். ஏறி மிதிக்க வழியில்லை. காவேரிப் பாலம் வரைக்கும் ரோட்டில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கொள்ளிடக் கரையில் துறையூர் வியாபாரி அழகிரிக்கு ஒரு கடலைக் கிடங்கு இருந்தது. அதன் வாசலுக்கு ஷட்டர் செய்து மாட்டியவர் சவரிராயன்தான். மாட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

கிடங்குக்குக் கூரை இல்லை. தகரங்கள் பக்கத்து வாழைத் தோட்டத்தில் கிடந்தன. நனைந்த கடலை மூட்டைகளிலிருந்து புளித்த வாடை வந்தது. ஷட்டர் உள்பக்கமாக விழுந்திருந்தது. சவரிராயன் அதன் அருகே குந்தி உட்கார்ந்து பட்டை பட்டையாகத் தடவிப் பார்த்தார். உடைந்திருந்தால் இரும்பின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். ஒரு பட்டைகூட உடையவில்லை. பட்டைகளின் முனைகள் ஏறி இறங்குவதற்காக இரண்டு பக்கச் சுவரிலும் பதித்த இரும்புச் சேனலும் நேராகத்தான் நின்றது. காற்று தள்ளத் தள்ளக் கதவு நடுவில் வளைந்திருக்கிறது. வளைந்ததும் முனைகள் சேனலை விட்டு நழுவிவிட்டன. கதவு போன பிறகு காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கியிருக்கிறது.

ஷட்டரின் அடியில் இருக்கும் கனத்த சட்டம் காவல்காரர் வீரமலையின் வலது கால்மேல் விழுந்திருந்தது. அவர் புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

யாரும் சவரிராயனைக் குறை சொல்லவில்லை. "புயலுக்கு யார் என்ன பண்ண முடியும் மேஸ்திரி? அதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுங்க" என்றார் அழகிரி. அந்த 'அதே மாதிரி' என்ற சொல்தான் சவரிராயனை உறுத்தியது.

அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. மதுரை ரோட்டில் பரக்கத் அலி நடத்திய ஷட்டர் பட்டறையில் மேஸ்திரி. எட்டாவது வரை படித்தவர். அளவு எடுப்பது, தகடு வளைப்பது, ஏணி மேல் நின்று ஷட்டர் சுருளும் குழாயைத் தோளில் தாங்கி மாட்டுவது எல்லாம் அவர்தான். மனைவி சலேத்தம்மாள், இரண்டு பெண்கள். பேச்சு குறைவு. ஏதாவது மனதில் விழுந்தால் அதை எடுத்துப் போடத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார். வீரமலை கால் முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "கதவு எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்.

வீரமலைக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்ததுபோல் தெரிந்தது. அதுவரை வந்தவர்கள் எல்லோரும் காலைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள்.

"அடிச்சு விழலைங்க. மொதல்ல உள்ளுக்கு உப்புச்சு, வயிறு மாதிரி. அப்புறம் வெளியில இழுத்துச்சு. உள்ளுக்கு, வெளியில, உள்ளுக்கு, வெளியில. கதவு மூச்சு விடுற மாதிரி இருந்துச்சுங்க. வெளியில இழுத்தப்பத்தான் ஒரு பக்கம் களண்டுச்சு. அடுத்த வீச்சுல உள்ளுக்குச் சாஞ்சுச்சு. நான் புடிக்கலாம்னு ஓடினேன்."

"வெளியிலயா இழுத்துச்சு?"

"ஆமாங்க."

தள்ளும் காற்றைப் பற்றி மட்டுமே சவரிராயன் யோசித்து வைத்திருந்தார். காற்று இழுக்கவும் செய்யும் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

அழகிரிக்கு அவசரம். தை மாதம் அதே மாதிரி இன்னொரு ஷட்டரை சவரிராயனே மாட்டினார். மாட்டிவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பட்டைகளின் முனையில் ஒரு சின்னக் கொக்கி. சேனலின் வாய்க்குள் ஒரு கம்பி உதடு. கதவு வளையும்போது கொக்கி உதட்டில் மாட்டிக்கொள்ளும். உள்ளே தள்ளினாலும் வெளியே இழுத்தாலும் முனை நழுவாது. இந்த யோசனை வருவதற்கு ஒரு மாதம்தான் ஆயிற்று. அதை வேலை செய்ய வைக்க ஏழு வருடம் ஆயிற்று.

வாரநாளில் பட்டறையில் நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்ததும் பட்டறைப் பின்கட்டுக்குப் போவார். செங்கல் அடுக்கி, அதன் மேல் இரண்டு சேனலையும் வைத்து, பத்தடி ஷட்டரைப் படுக்கை வாட்டில் மாட்டினார். காற்றுக்குப் பதிலாக மணல். காவேரி மணலைச் சாக்கில் பாதி பாதியாகக் கட்டி ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவார். கொக்கி இல்லாத கதவு பதினெட்டாவது மூட்டையில் பொத்தென்று விழுந்தது. கொக்கி வைத்த முதல் கதவு இருபத்தாறு வரை நின்றது. விழுந்தால் எல்லா மூட்டையையும் இறக்கி, கொக்கியை மாற்றி, மறுபடி ஏற்ற வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோளைத் தூக்க முடியாது.

"ஆறு நாள் இரும்பு, ஏழாம் நாள் மணலா? உங்களை யாருங்க இதைச் செய்யச் சொன்னா?" என்பாள் சலேத்தம்மாள், முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே.

"யாரும் சொல்லலை."

"அதுதான் கேக்கறேன்."



வீரமலை தாங்குகட்டையோடு திரும்பி வந்தார். அழகிரி அவரைக் காவலுக்கே வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்து, கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, மூட்டை ஏற்றுவதைப் பார்த்தார்.

"மேஸ்திரி, இதைச் செஞ்சா என் காலு சரியாயிடுமா?"

"ஆகாது."

"அப்புறம் எதுக்குங்க?"

சவரிராயன் மூட்டையைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கியது. "தெரியலைங்க. விட முடியலை."

வீரமலை தலையை ஆட்டினார். அடுத்த வாரமும் வந்தார். அவர் எண்ணிக்கை சொல்ல, சவரிராயன் ஏற்றினார்.

எல்லாப் பட்டைக்கும் கொக்கி வைத்தபோது ஐம்பது மூட்டை நின்றது. ஆனால் நிமிர்த்தி மாட்டியபோது கதவைச் சுருட்ட முடியவில்லை. பரக்கத் அலி தானே வந்து தூக்கிப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.

"சவரி, நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா காலைல கடை தொறக்கறவனுக்கு நாலு ஆளா அனுப்ப முடியும்? காத்து வருஷத்துல ஒரு நாள் அடிக்கும். கதவை தினமும் தூக்கணுமே."

அவர் சொன்னது நியாயம். நாலு பட்டைக்கு ஒரு கொக்கி போதுமா, மூன்றுக்கு ஒன்று வேண்டுமா என்று பார்ப்பதில் ஒரு வருடம் போனது. கடைசியில் மூன்றுக்கு ஒன்று வைத்தபோதும் ஐம்பது மூட்டை நின்றது. கொக்கிக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் சாதாரண நாளில் உரசாது, வளைந்தால் மட்டும் மாட்டும் என்று கண்டுபிடிப்பதில் இன்னொரு வருடம்.

ஐம்பத்தாறில் அழகிரியைச் சம்மதிக்க வைத்து, கிடங்கில் கொக்கி ஷட்டரை மாட்டினார். ஆடிக் காற்று வந்தது. கொள்ளிடத்து மணலை வாரிக்கொண்டு பதினைந்து நாள் ஓயாமல் அடித்த காற்று. பத்தாம் நாள் அழகிரியின் ஆள் வந்து கூப்பிட்டான்.

கதவு பிய்யவில்லை. கொக்கிகள் நன்றாகப் பிடித்திருந்தன. பிடித்த பிடியில் சேனலையே சுவரிலிருந்து பிடுங்கிவிட்டன. கூடவே சுண்ணாம்புக் காரையும் பத்துப் பதினைந்து செங்கல்லும் வந்திருந்தன.

அழகிரி தெருவில் நின்று கத்தினார். "பழைய கதவா இருந்தா கதவு மட்டும் போயிருக்கும். இப்ப செவுரும் போச்சு! உங்களை யாருங்க புதுசு புதுசா பண்ணச் சொன்னது?"

நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். சவரிராயன் செங்கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினார். வீட்டுக்குப் போனதும் இனி இந்த வேலை வேண்டாம் என்று சலேத்தம்மாளிடம் சொன்னார். அவள் அதற்குச் சந்தோஷப்படவில்லை. "சாப்பிடுங்க மொதல்ல" என்றாள். ஆறேழு வாரம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். அந்த நாட்களில் அவருக்குக் களைப்பு குறையவில்லை, கூடியதுபோல்தான் இருந்தது.

மணல் மூட்டைச் சோதனையில் சேனல் செங்கல் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்பதை அவர் பார்க்கவே இல்லை. தவறு அங்கேதான் என்று வீட்டில் சும்மா இருந்தபோதுதான் புரிந்தது, மறுபடி வேலையில் இறங்கினார். சேனலை முன்பக்கம் மட்டும் முளையடித்து மாட்டுவதற்குப் பதிலாக, சுவரை ஊடுருவிப் போகும் நீளமான போல்ட். சுவரின் மறுபக்கம் கால் அங்குல இரும்புத் தகடு. இடிந்த சுவரைக் கட்டிக் கொடுத்து, தகட்டைச் சுமந்து ஏணி ஏறி வைத்து, அதே ஷட்டரை மறுபடி மாட்டினார். அழகிரி அந்தப் பக்கமே வரவில்லை.

ஐம்பத்தொன்பது சித்திரையில் ஒரு பிற்பகல். ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட சவரிராயன் கிடங்குக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு வடக்கே கருத்தது. கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று. வீரமலை, "இறக்குங்க, இறக்குங்க" என்றார். இருவரும் உள்ளே நின்று ஷட்டரை இறக்கித் தாழ் போட்டார்கள்.

முதல் வீச்சில் கதவு உள்ளே உப்பியது. கீழிருந்து மேலாகக் கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டும் சத்தம் கேட்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது. பிறகு கதவு வெளிப்பக்கம் இழுபட்டது. மறுபடி மாட்டும் சத்தம். காரைத் தூள் தலையில் கொட்டியது. வாயைத் திறந்தால் மண். வெளியே ஏதோ மரம் முறிந்து விழுந்தது. அரை மணி நேரமோ என்னவோ. மழை பெய்யத் தொடங்கிய பிறகுதான் காற்று அடங்கியது.

"மேஸ்திரி, கையை எடுங்க" என்றார் வீரமலை.

சவரிராயன் அப்போதுதான் பார்த்தார். இரண்டு கையாலும் சேனலைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி நின்றிருந்தார். விரல்கள் நிமிர மறுத்தன. வீரமலை தாங்குகட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

கதவு நின்றது. ஆனால் திறக்கவில்லை. ஒரு கொக்கி வளைந்து உதட்டில் இறுகிவிட்டது. இருவரும் கடலை மூட்டைமேல் உட்கார்ந்து, மழை விட்டு யாராவது வரும்வரை காத்திருந்தார்கள். வீரமலை கொஞ்சம் கடலை உரித்துக் கொடுத்தார்.

அழகிரி ஆட்களோடு வந்து வெளியிலிருந்து நெம்பித் திறந்தார். பக்கத்துக் கிடங்குக்குக் கூரை இல்லை. அதை அவர் பார்த்தாரா என்று தெரியாது. "என்னங்க மேஸ்திரி, கதவு இப்படி மாட்டிக்குதே" என்றுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு கொக்கி ஷட்டர் கேட்டு ஆட்கள் வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்தும் வந்தார்கள். பரக்கத் அலி நல்ல மனிதர். கேட்டவர்களிடம் எல்லாம், "எங்க சவரி பண்ணினது" என்று சொல்வார். சவரிராயனுக்கு வேலை கூடியது, அவ்வளவுதான். கால் அங்குலத் தகடுகளை ஊர் ஊராகச் சுமந்து ஏணி ஏறி இறங்கி வலது தோள் தேய்ந்தது. அறுபத்து மூன்றில் வீரமலை துறையூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்.

அறுபத்தைந்தில், ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையின் கிடங்குக்கு ஆறு ஷட்டர் வேண்டும் என்று ஒரு இன்ஜினீயர் பட்டறைக்கு வந்தார். பெயர் ஸ்ரீரங்கராஜன். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்காரர். முப்பது வயது இருக்கும். கொக்கியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எந்தப் புஸ்தகத்துல பார்த்தேள்?"

"புஸ்தகம் ஒண்ணும் பாக்கலை சார்."

"இது சீமையில ரொம்ப நாளா இருக்கே. எங்கிட்டயே படம் இருக்கு."

அடுத்த வாரம் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அதே கொக்கி. அதே உதடு. சுவருக்கு அந்தப் பக்கம் அதே தகடு. இவர் செய்ததைவிடக் கொஞ்சம் ஒழுங்காக இருந்தது. சவரிராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு பக்கத்தில் அரைவாசிக்கும் குறைவாக அடங்கியிருந்தன. கோபமோ வருத்தமோ வரவில்லை. உட்கார வேண்டும்போல் இருந்தது.

"இவங்க எத்தனை மூட்டை வெச்சுப் பாத்தாங்களாம்?" என்று கேட்டார்.

ஸ்ரீரங்கராஜன் சிரிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது போடலை. நீங்க எத்தனை வெச்சேள்?"

"அம்பது."

மூட்டையின் எடையையும் கதவின் அளவையும் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டறை மேஜையில் உட்கார்ந்து அரை மணி நேரம் கணக்குப் போட்டார்.

"கொக்கி கச்சிதமா இருக்கு. ஆனா தகடுதான் ரொம்ப கனம். இதுல பாதி போதும். எத்தனை வருஷமா இந்தக் கனத்துல போடறேள்?"

"எட்டு வருஷம் இருக்கும்."

"அடடா" என்றார் ஸ்ரீரங்கராஜன். அவருடைய கண் சவரிராயனின் தொங்கிய தோளுக்குப் போய்த் திரும்பியது.

"காத்து வெளியில இழுக்கறதையும் சேத்துட்டீங்களா சார்?"

"சேர்த்துட்டேன். ரெண்டு பக்கமும் பார்த்துட்டேன்."

"அப்ப சரி."

ஆறு ஷட்டருக்கும் பாதிக் கனத்தில்தான் தகடு வைத்தார்கள். ஒரு ஆளே அநாயாசமாகத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறினான். சவரிராயன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு ஆடியிலும் அந்தக் கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அறுபத்தேழில் அவர் வேலையை விட்டார். "இன்னும் ரெண்டு வருஷம் இருங்களேன் சவரி. தூக்க வேணாம், சும்மா நின்னு சொன்னாப் போதும்" என்றார் பரக்கத் அலி.

"முடியலை பாய்."

பரக்கத் அலி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

வேலையை விட்ட பிறகும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு மத்தியானம் புத்தூரிலிருந்து ஒரு ஜவுளிக் கடைக்காரர் வந்து, ஷட்டர் பாதியில் நிற்கிறது, மேஸ்திரி ஒரு எட்டு வந்து பார்த்தால் தேவலை என்றார். சலேத்தம்மாள் வாசலிலேயே நின்று, "தூங்கறாங்க. சாயங்காலம் வந்து பாருங்க" என்றாள்.

உள்ளே கட்டிலில் சவரிராயன் விழித்துத்தான் இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. வலிக்காத தோள் பக்கமாகப் புரண்டு படுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.