கச்சாலுக்குப் போன இன்ஹேலர்

அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள். தமிழர், வங்காளிகள், தெலுங்கர் எல்லாரும் இருக்கிறோம். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணீர் வரும் நேரம், கப்பல் செய்தி, நோய், சாவு, இவற்றுக்கு மட்டும்தான் அது. காலை வணக்கம் போட்டவரை, அதை நடத்தும் மதுரைக்கார அக்கா அன்றே வெளியேற்றிவிடுவார். நான் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஐம்பதை நெருங்கியும் எனக்கு நேரில் பேசவே கூச்சம்.

என் தங்கைக்கு நிக்கோபாரில், கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலை. அவளுக்கு இழுப்பு உண்டு. போன மழைக்காலத்தில், இன்ஹேலர் தீரப்போகிறது, இங்கே கிடைக்கவில்லை என்று செய்தி அனுப்பினாள். உடனே வாங்கிவிட்டேன். மறுநாள் காலை கப்பல். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. கப்பலில் போகிறவரிடம் கொடுத்தனுப்புவதுதான் எங்கள் வழக்கம். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் இப்போது யாரும் பொட்டலம் வாங்குவதில்லை.

முதலில் சொந்தக்காரர்கள் குரூப்பில் கேட்டேன். மறுநிமிடமே யாரோ பிறந்தநாள் கேக் படம் போட்டார்கள். வாழ்த்துகள் வந்து குவிந்ததில் என் செய்தி எங்கோ மேலே போய்விட்டது. திரும்பக் கேட்க வெட்கம். சாயங்காலம்வரை சும்மா இருந்தேன்.

பிறகுதான் வரிசைக் குரூப்பைத் திறந்தேன். அங்கே எல்லாருக்கும் பொதுவாகப் புரிவது இந்திதான். எனக்கு அதை எழுத வராது, குரலில்தான் சொல்ல வேண்டும். நான்கு முறை பதிந்து அழித்தேன். ஐந்தாவதை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சோறு வடிப்பதற்குள் கடைசி வீட்டு வங்காளிப் பெண்ணின் குரல் வந்தது. “தீதி, மேரா பாய் கல் ஜா ரஹா ஹை. தவா தே தோ.” அவள் தம்பி நாளை போகிறானாம், மருந்தைக் கொடுக்கச் சொன்னாள். அந்தக் குரூப்பில் மணி அடித்தால் ஏதோ அவசரம் என்று எல்லா வீட்டிலும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மூன்றாம் நாள் தங்கை பேசி அனுப்பினாள். “வந்துருச்சிக்கா. இப்பதான் இழுத்தேன். நல்லாருக்கேன்.”

மனம் நிறைந்து வரிசைக் குரூப்பில் தமிழிலேயே நன்றி எழுதினேன். உடனே மதுரைக்கார அக்கா போனில் கூப்பிட்டார்.

“நன்றியெல்லாம் இதுல போடாதடி. நீ ஒருத்தி போட்டா பதினஞ்சு பேரு கும்பிடு போடுவாங்க. அவ வீடு என்ன மெயின்லேண்ட்லயா இருக்கு? நடந்து போ.”

போனேன். எனக்குத் தெரிந்த இந்தி வாசலிலேயே தீர்ந்துவிட்டது. தங்கை பேசியதைப் போட்டுக் காட்டினேன். அந்த வங்காளிப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக் காட்டிச் சிரித்தாள்.