சிம்னியில் மாட்டிக்கொண்ட கிறிஸ்துமஸ் தாத்தா

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டாத ஒரே கிறிஸ்துமஸ் அது. எனக்கு ஒன்பது வயது. துக்க வீடு என்றால் கேரல் பாடி வருகிறவர்கள்கூட வாசலருகே பாட்டை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் கடந்துபோவார்கள். மரியாதையாம். எனக்கு அந்த மரியாதை கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஊரே எங்களை ஒதுக்கிவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஆடியில், சுரங்கத்தின் ஆழத்தில் அப்பா வேலை செய்த லெவலில் பாறை வெடித்துச் சரிந்தது. ஐந்து நாள் தோண்டிப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று அந்த இடத்தை அப்பாவோடு அப்படியே அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சமைப்பாள், எனக்குத் தலை பின்னிவிடுவாள், அவ்வளவுதான். ஒரே அறை வீட்டில் அவளோடு இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பள்ளிப் பிள்ளைகளைச் சுரங்கக்காரர்களின் கிளப்புக்கு அழைத்துப்போய் ஓர் இங்கிலீஷ் படம் காட்டினார்கள். குண்டான கிறிஸ்துமஸ் தாத்தா ஏணியிலிருந்து விழுகிறார். நாய் அவர் தாடியைப் பிடித்து இழுக்கிறது. கடைசியில் பரிசு மூட்டையோடு கூரைமேல் இருக்கும் புகைபோக்கிச் சிம்னிக்குள் இறங்கிப் பாதியில் மாட்டிக்கொள்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். இதைப் பார்த்தால் அம்மாவும் கட்டாயம் சிரித்துவிடுவாள் என்று தோன்றியது. மறுநாள் மதியம் குடும்பங்களுக்கு இன்னொரு காட்சி இருந்தது.

"வெள்ளைக்காரன் பேசுறது எனக்கு இன்னாடி புரியும்?" என்றாள் அம்மா.

"பேச்சே கம்மிம்மா. எல்லாம் வுழுந்து எழுந்துக்கிறதுதான். வாம்மா."

அழுது அடம்பிடித்த பிறகு வந்தாள்.

நான் படத்தைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏணிக்கு அசையவில்லை. நாய்க்கு உதடு லேசாக விரிந்தது. எனக்கு உயிர் வந்தது. அப்புறம் சிம்னி. தாத்தாவின் இரண்டு கால்கள் மட்டும் அந்தரத்தில் உதைத்துக்கொண்டன. கிளப்பே சிரித்தது. அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். கயிறு போட்டு ஊரே சேர்ந்து இழுத்து, கரி அப்பிய முகத்தோடு அவர் வெளியே வந்து விழுந்ததும் மெல்லச் சொன்னாள்.

"எடுத்துட்டாங்க."

சிரிக்கவில்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இங்கிலீஷ் தெரியாததால்தான் அவளுக்கு வேடிக்கை பிடிபடவில்லை என்று முடிவுகட்டி, வீடு வரும்வரை விளக்கிச் சொன்னேன். துவாரம் எவ்வளவு குறுகல், அவர் எப்படி உள்ளே சிக்கினார், கயிறு வரும்வரை எவ்வளவு நேரம் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஒன்றையும் விடவில்லை. அம்மா 'ம்' கொட்டிக்கொண்டே வந்தாள்.

"இப்ப புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில் சிம்னிக் கட்டத்தை இன்னொரு முறை சொன்னேன்.