நாத்தனார் போட்ட இரண்டு சுற்றுச் சங்கிலி

அறுபதுகளில், என் மூத்த மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையானது. வலி வந்தால் கிராம்பை நசுக்கி வைப்போம், அடங்கிவிடும். பால் பல்தானே, விழுந்து புதுசு முளைக்கும் என்று எங்கள் குப்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஒரு பக்கமாகத்தான் மென்றன.

ஒரு நாள் காலையில் வலது தாடை வீங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட அவருடைய அக்காள் திருவிழாவுக்கு வந்திருந்தார். பார்த்ததுமே பொன்னுக்கு வீங்கி என்று சொல்லிவிட்டார். அதற்குத் தங்கம் போட்டால் வற்றிவிடும் என்பது எங்கள் பழக்கம். தம் சங்கிலியையே கழற்றி இரண்டு சுற்றாகப் பிள்ளை கழுத்தில் போட்டார்.

மறுநாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. பிள்ளையால் வாயைத் திறக்க முடியவில்லை. ஊற்றிய கஞ்சித் தண்ணீர் வழிந்தது. முகத்தருகே குனிந்தேன். மீன் கெட்டுப்போனதை மூக்காலேயே சொல்கிறவள் நான். உள்ளே ஏதோ அழுகிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இது பல்லு. கடலூர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறேன்."

"ஏண்டி, மீன் கூடை தூக்குறவளுக்கு வைத்தியம் வேற தெரியுமா? வத்துற வரைக்கும் சங்கிலி கெடக்கணும்."

"கெடக்கட்டும். நீங்களும் வாங்க. உங்க நகைக்கு நீங்கதான் காவல்."

முறைத்துக்கொண்டே வந்தார். தோணியில் உப்பனாற்றைக் கடக்கும்போதே பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. படுக்க வைத்தால் திணறினாள். நிமிர்த்தி மார்போடு பிடித்துக்கொண்டேன். அக்கரையில் குதிரை வண்டி பிடித்தோம்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார். "சொத்தப் பல்லுலேருந்து சீழ் கழுத்துக்கு எறங்கியிருக்கு. ஒடனே கீறணும். சங்கிலியக் கழட்டுங்க."

கொக்கி வீக்கத்தில் புதைந்து கிடந்தது. நர்ஸம்மா விரலை நுழைத்துப் பார்த்தார், முடியவில்லை. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்தது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். குந்துமணித் தங்கம் காணாவிட்டாலும் ஊரைக் கூட்டுகிறவர் அவர்.

"என்ன ஏண்டி பாக்குற? வெட்டிப் போடுங்க சார்," என்றார்.

வெட்டினார்கள். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்து, பல்லையும் பிடுங்கினார்கள். அன்று சாயங்காலமே பிள்ளைக்கு மூச்சு சீராக வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அறுந்த சங்கிலியை முந்தானையில் முடிந்துகொண்டார் நாத்தனார். சிதம்பரம் பஸ் ஏறுமுன் குப்பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். ஒருத்தன் இறுக மூடிக்கொண்டான்.

"தெறடா. இல்லன்னா கழுத்துல சங்கிலி மாட்டிடுவேன்."

திறந்துவிட்டான்.