கிளிசுராக்காரரின் தலையசைப்பு

1986, மாசி. சுவிற்சர்லாந்தின் லா ஷோ-து-ஃபோன் ரயில் நிலையத்தில் நிற்கிறேன். பனியால் என் வண்டி தாமதம். வழியனுப்ப வந்த மைத்துனன் தியாகு, தன்னோடு கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பல்கேரியர் ஒருவரை அறிமுகப்படுத்துகிறான். நான் கேட்பதை அவரிடம் பிரெஞ்சில் கேட்டுச் சொல்கிறான்.

அவருடைய ஊர் கிளிசுரா, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே இருக்கிறது. துருக்கிய ஆட்சிக்கு எதிரான 1876 கிளர்ச்சியின்போது எரிக்கப்பட்ட ஊர். பிழைப்பு ரோஜா எண்ணெய்.

"ஊர் முழுக்க ரோசாவோ?" என்கிறேன்.

அவர் நம்மவர்போலத் தலையை இடம்வலமாக ஆட்டுகிறார். ஓம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மனைவி இன்னும் அங்கேதான். நாட்டை விட்டு வெளியேற மனைவி அனுமதி கேட்டிருக்கிறாராம்.

"கிடைச்சிட்டுதோ எண்டு கேள்."

இம்முறை தலையை மேலும் கீழுமாக அசைக்கிறார். "கிடைச்சிட்டுதாம் அத்தான்" என்று தியாகு அவர் தோளில் தட்டுகிறான். அவர் சிரிக்கவில்லை.

"பொறு. அவையின்ரை நாட்டிலை இப்பிடி அசைச்சா இல்லையெண்டு வாசிச்சனான்."

"உங்கடை புத்தகத்தை விடுங்கோ. இஞ்சை வந்து எத்தினை வருசம், இஞ்சத்தை ஆக்கள் மாதிரித்தான் ஆட்டுவார்."

"அப்ப ரோசாவுக்கு இடம்வலமா ஆட்டினது? இஞ்சத்தை மாதிரியெண்டா அது இல்லையெல்லோ?"

தியாகு அவர் பக்கம் திரும்புகிறான்.

"வாயாலை சொல்லச் சொல்லு" என்கிறேன். அவன் கேட்பதற்குள் வண்டி வந்துவிடுகிறது, ஏறிவிடுகிறேன். அவர் மனைவிக்கு அனுமதி கிடைத்ததா என்பதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.