இணைப்பில் சேராதது

தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் ஸ்டோர்காரர். பெரிய கொட்டகையின் கோடியில் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் அவர். போல்ட்டோ, கையுறையோ, கிரீஸ் டப்பாவோ, சீட்டு இல்லாமல் ஒரு பொருள் உள்ளே வந்ததும் இல்லை, வெளியே போனதும் இல்லை. அவர் எழுதிய சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "இது என்ன?" என்று திரும்பி வந்து கேட்டவரும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று மேலாளர் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்.

வீட்டில் மனைவி அதையே குறையாகச் சொல்வாள். "உங்ககிட்ட பேச்சு கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல தீர்ந்து போயிடுது. எதிராளி கேட்கறதுக்கு ஏதாவது மிச்சம் வைங்களேன்."

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவளுக்கு நெஞ்சு வலித்தது. தன் பழைய காரில் அவளை ஏற்றிக்கொண்டு போய், மருத்துவமனையின் பக்கவாசலில் வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே தூக்கிப் போனார். மறுநாள் காலை அவர் மட்டும் வெளியே வந்தார். கார்க் கண்ணாடியின் துடைப்பானுக்கு அடியில் ஒரு காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய குற்றம். அபராதம் கட்டலாம், மறுப்பதானால், விசாரணை வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதலாம்.

வெளியூரில் இருக்கும் மகன் போனில் சொன்னான். "கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இருங்கப்பா."

"நான் விசாரணை கேட்கப்போறேன்."

"இதுக்குப் போய் கோர்ட்டா? ஜட்ஜ் சிரிக்கப்போறார்."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

மகனிடம் அவர் காரணம் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலத்தை அவரிடம் யாரும் முழுதாகக் கேட்டதில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "எப்படி ஆச்சு?" என்றார்கள். அவர் பழக்கப்படி சுருக்கமாக, விட்டுப்போகாமல் சொன்னார். அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு எதுவும் இருக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். நீதிமன்றம் என்றால் அப்படி எழுந்து போக முடியாது. ஒருவர் மேலே உட்கார்ந்து, 'அப்புறம் என்ன நடந்தது?' என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நீதிமன்றக் கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு சொன்னாள்: "மறுக்கிறேன், நேர்ல வந்து சொல்ல ஒரு நாள் கொடுங்கன்னு எழுதுங்க சார். அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் ஐயா முன்னாடி வாயால சொல்லிக்கலாம்."

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அவள் சொன்னபடியே எழுதினார். இரண்டே வரி. மடிக்கப் போனார், கை வரவில்லை. எந்த வாசல், எந்தப் பக்கம், எதற்காக என்று எதுவுமே இல்லாத ஒரு கடிதத்தின் அடியில் தன் கையெழுத்து இருப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. பாதி நிரப்பிய சீட்டை ஜன்னல் வழியே நீட்டுவது போல.

வேறு தாள் எடுத்தார். வந்த வழியை எழுதினார். எச்சரிக்கைப் பலகையை மரக்கிளை மறைத்திருந்ததை எழுதி, அந்த இடத்தைப் படமாகவும் வரைந்தார். மருத்துவமனையில் சேர்த்த சீட்டு, மருத்துவரின் குறிப்பு, இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, இணைப்பு என்று எண்ணிட்டுக் குண்டூசி குத்தினார். விசாரணைக்கு நாள் கேட்ட வரி கடைசிப் பக்கத்தின் அடியில் போய் நின்றது.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. வழியில் ஒரு சிவப்பு விளக்கு. குறுக்கே ஒரு வண்டிகூட இல்லை, ஆனாலும் அவர் நிறுத்தினார். பக்கத்தில் சாய்ந்திருந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "போங்க, யாராவது பிடிச்சா நான் வந்து சாட்சி சொல்றேன்." அவளுடைய கடைசிப் பேச்சு அதுதான். அதற்கு நகல் கிடையாது. சீட்டு இல்லாத பொருளை அவர் எந்தக் கணக்கில் ஏற்றுவார்? அது நேரில் சொல்வதற்கு என்று வைத்துக்கொண்டார்.

தபாலில் போட்ட பிறகு வீட்டில் செய்ய ஒரு வேலை வந்தது போல் இருந்தது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொக்கியில் மாட்டினார். மேஜைக்கு எதிரே அவள் உட்காரும் நாற்காலி இருந்தது. அதை நீதிபதியாக வைத்துச் சொல்லிப் பார்த்தார். சிவப்பு விளக்கு வரை சரளமாக வரும். அங்கே நிறுத்திவிடுவார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலில் இருந்து.

பதில் வந்தது. ஒரே பத்தி. அவருடைய கடிதமும் இணைப்புகளும் பரிசீலிக்கப்பட்டன. விளக்கம் முழுமையாக இருப்பதால் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது. நேரில் வரத் தேவையில்லை.

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அன்றே நீதிமன்றத்துக்குப் போனார்.

"விசாரணை கேட்டிருந்தேனேம்மா."

எழுத்தர் அம்மாள் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கேஸே இல்லையே சார், எதை விசாரிக்கறது? வக்கீல்கூட இவ்வளவு சுத்தமா எழுதமாட்டார். ஐயாவுக்குக் கேட்க ஒரு கேள்விகூட இல்லாம பண்ணிட்டீங்க!"

அவர் வாய் திறந்தார். பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். "ரொம்ப நன்றிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "ஜெயிச்சிட்டீங்களேப்பா! ஸ்டோர்காரர்னா சும்மாவா?"

"ம்."

"சரி, வேற என்ன?"

வேறொன்றும் இல்லை என்பதுதான் அவருடைய வழக்கமான பதில். அதோடு அழைப்பு முடிந்துவிடும். எதிரே நாற்காலி இருந்தது.

"அன்னைக்கு சிக்னல்ல நின்னப்ப உங்கம்மா ஒண்ணு சொன்னா" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதிச் சீட்டை நீட்டிவிட்டுக் காத்திருந்தார்.

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழாய் நின்றது.

"என்னப்பா சொன்னாங்க?"